ஸ்கேன் அறைக்குள் நான் போட்ட நாற்காலி

கார்த்தி, நேத்து சாயங்காலம் நீ போன் பண்ணினப்ப குக்கர் விசில் வருதுன்னு சொல்லி வச்சுட்டேன். அடுப்புல குக்கரே இல்லடா. நீ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இருந்தது, ஆனா அதை போன்ல சொல்ற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல. இப்பல்லாம் சாயங்காலம் ஆனா முட்டி மட்டும் இல்ல, வாயும் சேர்ந்து ஓஞ்சு போயிடுது. அதான் காலையிலயே உட்கார்ந்து எழுதுறேன். அப்பா பால் வாங்கப் போயிருக்கார், பவித்ரா ஆபீஸ் கிளம்பிட்டா. நீ புனேவுல மூணு மாச வேலையில இருக்கே, இங்க நடந்தது உனக்கு அரைகுறையாத்தான் வந்து சேருது. பவித்ரா ஸ்கேனுக்கு, புருஷன்னு உன் நம்பரைக் கொடுத்து புக் பண்ணினதால செவ்வாய்க்கிழமை உனக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. இன்னிக்கு ஊசி போடல, முதல்ல கிட்னிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும்னு. அதை வச்சுக்கிட்டு ஆறு நாளா அவளைக் குடைஞ்சு, அவ "ஒண்ணுமில்ல கார்த்தி"ன்னு சொல்லி, கடைசியில என்கிட்ட வந்து நிக்கிறே. "அம்மா, அவ எதையோ மறைக்கிறா. நீ அந்த வேலைதானே பார்த்தே, உனக்குத் தெரியாததா? நைசா கேட்டுச் சொல்லு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்ததுன்னா அவங்க வீட்டுல நம்மளை ஏமாத்தியிருக்காங்க." இதானே நீ கேட்டது? நான் கேட்டுச் சொல்ல மாட்டேன். ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோ.

அம்மா ஸ்கேன் சென்டர்ல நர்ஸ், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அந்த அறைக்குள்ள நான் என்ன பண்ணினேன்னு நீயும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. எம்.ஆர்.ஐ. மெஷின்ங்கறது பெரிய காந்தம். உள்ள போறவங்க உடம்புல ஒரு குண்டூசி கூட இருக்கக் கூடாது. வர்றவங்களைத் தயார் பண்ற சின்ன அறைதான் என் ராஜ்ஜியம். வளையல், மெட்டி, கொலுசு, தோடு எல்லாம் கழட்ட வைக்கணும், பாரத்துல இருக்குற கேள்வியெல்லாம் கேட்டு எழுதணும், கையில ஊசிக் குழாய் போடணும், படம் தெளிவா வேணும்னு டாக்டர் எழுதியிருந்தா மருந்தை ஏத்தணும். இதுல மத்ததெல்லாம் சுலபம், தாலி மட்டும்தான் வம்பு. அதுவும் நம்ம பொம்பளைங்க தாலியில நாலு சேஃப்டி பின் மாட்டி வச்சிருப்பாங்களே! கழட்டும்மான்னா அழுவாங்க. ஒரு அம்மா "எனக்கு ஸ்கேனே வேணாம், வந்த நோய் வந்தபடி இருக்கட்டும்"னு எழுந்து போயே போயிட்டாங்க. வெளியில அடுத்தவங்க காத்திருப்பாங்க, உள்ள டாக்டர் கத்துவார். அப்பத்தான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். அறைக்குள்ள ஒரு நாற்காலி போட்டு, கூட வந்த மாமியாரையும் உள்ள கூப்பிட்டு உட்கார வைப்பேன். பழைய பிஸ்கட் டப்பாவுல மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் எப்பவும் வச்சிருப்பேன். மாமியாரே அந்தக் கயிறை மருமக கழுத்துல கட்டுவாங்க, அப்புறம் தாலியைக் கழட்டித் தன் கையில வச்சுக்குவாங்க, ஸ்கேன் முடிஞ்சதும் அவங்களே திரும்பப் போட்டுவிடுவாங்க. மாமியார் கையாலேயே நடந்துட்டா எந்தப் பொண்ணுடா மறுபேச்சு பேசும்? அரை மணி நேரச் சண்டை ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. மத்த பிராஞ்ச்லருந்தெல்லாம் வந்து பார்த்துட்டுப் போனாங்க. எனக்கு ஒரு சால்வை கூடப் போட்டாங்க, அலமாரியில மேல் தட்டுல இருக்கு, பச்சைக் கலர்.

ஊசி மருந்தைப் பத்தியும் நீ தெரிஞ்சுக்கணும், இல்லாட்டி மிச்சம் புரியாது. அதுக்குள்ள இருக்குறது கடோலினியம்னு ஒரு உலோகம். அது போற இடம் படத்துல பளிச்சுன்னு தெரியும், கட்டியோ வீக்கமோ இருந்தா காட்டிக் கொடுத்துடும். ஆனா அந்த உலோகம் தனியா உடம்புல இறங்கினா விஷம். அதனால அதை இன்னொரு பெரிய மூலக்கூறுக்குள்ள கட்டித்தான் கொடுப்பாங்க. கட்டு அவிழறதுக்கு முன்னாடி கிட்னி அதை வெளியில தள்ளிடணும். அந்தக் காலத்துல நாங்க போட்ட மருந்துல கட்டுங்கறது ஒரு நீளச் சங்கிலி மாதிரி. உலோகத்தைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சிருக்கும், ஆனா ரெண்டு முனையும் சேர்ந்திருக்காது. மளிகைக் கடையில நூல் சுத்திக் கொடுப்பாங்களே, பொட்டலம், அது மாதிரி. வீடு பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆகாது. ரொம்ப நேரம் பையில கிடந்து உருண்டா நூல் தளர்ந்து உள்ள இருக்குறது கொட்டிடும். கிட்னி கெட்டவங்க உடம்புல மருந்து நாள் கணக்குல சுத்தும். அப்ப கட்டு விட்டுப் போய் உலோகம் வெளியில வந்து தோல்ல, தசையில போய் உட்கார்ந்துக்கும். தோல் மரமாயிடும், மூட்டு மடங்காது. இது எங்களுக்கு ஆரம்பத்துல தெரியாது. தெரிய வந்ததும் மேலிடத்துலருந்து சர்க்குலர் வந்தது, பாரத்துல புதுசா ஒரு கேள்வி சேர்த்தாங்க. கிட்னி கோளாறு உண்டா, ஆம், இல்லை. நான் சர்க்குலரைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன், கார்த்தி. தெரியாம பண்ணினேன்னு சொல்ல எனக்கு வழியே இல்ல.

சர்க்குலர் வந்ததுக்கு அப்புறம்தான் அந்தப் பொண்ணு வந்தா, பேர் மஞ்சுளா. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல, விடாத தலைவலின்னு வந்தா. கூட மாமியார். நல்ல பொம்பளை, மருமகளுக்கு வியர்க்குதுன்னு தன் முந்தானையால விசிறிக்கிட்டே வந்தாங்க. வழக்கம்போல நாற்காலி போட்டேன், மஞ்சள் கயிறு கொடுத்தேன், தாலி மாமியார் கைக்குப் போச்சு. கொலுசைக் கழட்ட நான் குனிஞ்சேன். கணுக்கால்ல கொலுசு இருந்த இடம் பள்ளமா பதிஞ்சிருந்தது, ரொம்ப நேரத்துக்கு அந்தத் தடம் மறையவே இல்ல. நர்ஸுக்குப் படிச்சவளுக்கு அது என்னன்னு தெரியாதா? கால்ல நீர் கோத்திருக்கு. தெரிஞ்சது. ஆனா வெளியில பதினோரு பேர் உட்கார்ந்திருந்தாங்க, மெஷின் காலியா நிக்குது, டாக்டர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டார். நான் பாரத்தை எடுத்துக் கேள்வியை ஆரம்பிச்சேன். "சுகர் உண்டா?" "இல்ல சிஸ்டர்." "பி.பி.?" "இல்ல." "கிட்னியில ஏதாவது பிரச்சினை உண்டாம்மா?" இதுக்கு அவ தலையைத் திருப்பி மாமியார் முகத்தைப் பார்த்தா. அந்தம்மா கையில இவ தாலி. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இல்ல சிஸ்டர்"னா. நான் 'இல்லை'ங்கற கட்டத்துல டிக் போட்டேன். மருந்தை ஏத்தினதும் இந்தக் கைதான்.

சில மாசம் கழிச்சு அதே பொண்ணை ஆஸ்பத்திரி வராந்தாவுல சக்கர நாற்காலியில பார்த்தேன். மாமியார்தான் தள்ளிக்கிட்டு வந்தாங்க. காலை நீட்ட முடியல, விரலை மடக்க முடியல. முகத்துல மட்டும் சிரிப்பு இருந்தது. சின்ன வயசுலருந்தே கிட்னி கெட்டுக்கிட்டு வந்திருக்கு. அம்மா வீட்டுல இருந்தவரைக்கும் மாத்திரை சாப்பிட்டிருக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திரையை ஒளிச்சு வைக்க இடம் இல்லாம நிறுத்திட்டா. அந்த மாமியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சிஸ்டர், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்? நான்தான் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டு வர்றேன், வேற யார் வர்றாங்க?"ன்னு கேட்டு அழுதாங்க. அப்புறம் விசாரணைன்னு ஒண்ணு வச்சாங்க. டாக்டர் கேட்டார், கேட்டீங்களா இல்லையான்னு. "கேட்டேன் சார். இல்லைன்னு சொன்னாங்க. மாமியாரும் கூட இருந்தாங்க, அவங்களே சாட்சி"ன்னேன். அத்தனையும் உண்மை, பார்த்துக்கோ. ஒரு எழுத்து பொய் கிடையாது. பாரத்தை எடுத்துக் காட்டினேன், விட்டுட்டாங்க. கணுக்காலைப் பத்தி நான் வாயே திறக்கல. அவ முகத்தைத் திருப்பினதைப் பத்தியும் சொல்லல. நாற்காலியை உள்ள போட்டது யாருன்னு எவரும் கேட்கல. மஞ்சுளா அப்புறம் என்ன ஆனான்னு எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லாம போச்சுன்னு சொல்றதுதான் சரி.

அப்ப நீ பத்தாவது. ஞாபகம் இருக்கா, நீ உட்கார்ந்து கணக்குப் போடும்போது நான் வந்து உன் முன்னங்கையைக் கிள்ளுவேன். "ஏம்மா சும்மா சும்மா கிள்ளுறே, பைத்தியமா உனக்கு?"ன்னு கத்துவே. ஒருநாள் நோட்டைத் தூக்கி அடிச்சே, நான் உன் கன்னத்துல அறைஞ்சேன். நீ ரெண்டு நாள் என்கிட்ட பேசல. தோல் மேல எழும்புதா, இல்ல மரமா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்டா. உனக்கு அந்த மருந்தே போட்டதில்ல, எனக்குத் தெரியும், இருந்தாலும் கை தானா போகும். அப்பா பீன்யா ஃபேக்டரியிலருந்து ஷிஃப்ட் முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டும்போதே அவர் கணுக்காலைப் பார்ப்பேன். "என்ன, புது செருப்பு வாங்கித் தரப் போறியா?"ன்னு கிண்டல் பண்ணுவார். அவர்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு உன்னை அறைஞ்சதுக்கு இன்னிக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், ரொம்ப தாமதம்தான்.

அப்புறம் மருந்து மாறிச்சு. புதுசா வந்ததை நாங்க வளைய மருந்துன்னு சொல்லுவோம். நாலு நைட்ரஜன் அணு ஒரு மூடின வளையத்துல உட்கார்ந்து, அதுலருந்து நாலு கை நீண்டு, அந்த உலோகத்தை நடுவுல வச்சுப் பூட்டிக்கும். முனையே கிடையாது, அவிழறதுக்கு. அந்த மருந்துக் கம்பெனிக்காரர் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டு வந்து மேஜை மேல வச்சார். நடுவுல பச்சைக் குண்டு, சுத்தி வளையம். "இழுத்துப் பாருங்க சிஸ்டர்"னார். நான் இழுத்தேன், வரல. நகம் உடைஞ்சதே தவிர வரல. எல்லாரும் சிரிச்சாங்க. நான் பாத்ரூம் போய் அழுதுட்டு வந்தேன். எங்கேயோ உட்கார்ந்து ஒரு கூட்டம் இத்தனை வருஷம் மண்டையைப் போட்டு உடைச்சு, நோயாளி பொய் சொன்னாலும் கூடியவரைக்கும் சாகாத மாதிரி ஒரு மருந்தைப் பண்ணியிருக்கு. நான் என்ன பண்ணினேன்? அந்த நாற்காலியை ஒரு அடி நகர்த்தி வெளியில போட்டேனா? போடல. போட்டா ஏன்னு கேட்பாங்க, கேட்டா சொல்லணும். ரிட்டையர் ஆகுற வரைக்கும் அது அங்கேயேதான் கிடந்தது.

இப்ப போன செவ்வாய்க்கிழமைக்கு வர்றேன். பவித்ராவுக்கு ரெண்டு மாசமா தலைவலி, ஒரு கண் மங்குது, டாக்டர் மருந்து போட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டார். நான்தான் வீம்பா "நானே கூட்டிட்டுப் போறேன், அங்கல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்கதான்"னு கிளம்பினேன். பிரேசர் டவுன்ல புதுசா திறந்திருக்காங்களே, அந்த சென்டர். உள்ள போனா நம்ம நாகராஜ்! என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன், இப்ப தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. "பன்னி சிஸ்டர், பன்னி"ன்னு கன்னடத்துல வாங்க வாங்கன்னு வாய் நிறைய வரவேற்றான். "நீங்க உள்ளயே வாங்க, உங்களுக்கு இல்லாத இடமா?" உள்ள போனேன். ஒரு நாற்காலி கிடக்கு. அலமாரியில ஒரு டப்பா, திறந்து மஞ்சள் கயிறை எடுத்து என் கையில கொடுத்தான். "நீங்க ஆரம்பிச்சு வச்சது சிஸ்டர், நான் எந்த சென்டருக்குப் போனாலும் இதைத்தான் பண்றேன்." பெருமையாத்தான் சொன்னான், பாவம். பவித்ரா கழுத்தை நீட்டினா, நான் கட்டினேன். அவ தாலியைக் கழட்டி என் கையில வச்சா. நான் உட்கார்ந்தேன். நாகராஜ் பாரத்தை எடுத்தான். சுகர், பி.பி., எல்லாம் கேட்டு, "கிட்னி பிராப்ளம் ஏதாவது?"ன்னான். பவித்ரா தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தா.

கார்த்தி, நான் எப்படிப்பட்ட மாமியார்? ஒரு நாள் அவளை அதட்டியிருக்கேனா? சனிக்கிழமை ஆனா அவளுக்குப் பிடிச்ச அவரைக்காய் சாம்பார்தான் வைக்கிறேன். அதெல்லாம் அந்த நாற்காலியில எடுபடலடா. "இல்ல"ன்னு அவ வாய் திறக்குறதுக்குள்ள எழுந்திருக்கணும்னு பார்த்தேன், இந்தப் பாழாப்போன முட்டி ஒத்துழைக்கல. அவ "இல்ல"ன்னு சொல்லிட்டா. நாகராஜ் 'இல்லை' கட்டத்துல பேனாவை வச்சுட்டான். "நாகராஜ், எழுதாதே"ன்னேன். ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. தாலியை அவ கையிலேயே வச்சு, விரலை மூடிவிட்டேன். "எனக்கு டீ குடிக்கணும். நான் போனதும் கதவைச் சாத்திட்டு எல்லாக் கேள்வியையும் முதல்லருந்து கேளு. நாளைலருந்து இந்த நாற்காலி வெளியில கிடக்கட்டும். தாலியை அவங்கவங்களே ஒரு பர்ஸுல போட்டு வச்சுக்கட்டும்"னு சொல்லிட்டு வெளியில வந்தேன். டீ ஒண்ணும் குடிக்கல. லிஃப்டுக்குப் பக்கத்துல சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கால் மணி நேரம் கழிச்சு நாகராஜ் வந்து, "சிஸ்டர், இன்னிக்கு வேணாம், ரத்தம் டெஸ்ட் பார்த்துட்டு டாக்டர் சொல்லட்டும்"னான். என் முகத்தை அவன் பார்க்கல. நானும் என்னன்னு கேட்கல.

வெள்ளிக்கிழமை திரும்பப் போனோம். ரத்த ரிசல்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் தாராளமா போடலாம்னுட்டாராம், வளைய மருந்துதான் போட்டாங்க. மூளையில ஒண்ணும் இல்ல, ஒத்தைத் தலைவலிதான்னு அவளே சொன்னா, அதனால நீ நெட்டைத் தேடித் தேடிப் பயப்படாதே. கவர் ஃபிரிட்ஜு மேல இருக்கு, ரத்த ரிசல்ட்டும் அதுக்குள்ளதான். ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டைக் கையில வச்சவ நான், இந்த ஒண்ணைத் திறக்கல. தூசி தட்டுற சாக்குல ரெண்டு தடவை எடுத்தேன், வெட்கமாத்தான் இருக்கு சொல்ல. திரும்ப வச்சுட்டேன். ஆட்டோவுல வரும்போது ஜீவனஹள்ளி திரும்புற இடத்துல அவ மெதுவா, "அத்தை, தேங்க்ஸ்"னா. "எதுக்கும்மா?"ன்னேன். "டீ குடிக்கப் போனதுக்கு"ன்னா. அவ்வளவுதான் எங்களுக்குள்ள பேச்சு.

நீ சொல்றே, ஏமாத்தியிருக்காங்கன்னு. நாம பொண்ணு பார்க்கப் போனோமே, அவங்க அம்மா கேசரித் தட்டை வச்சுக்கிட்டே "தம்பிக்கு உடம்பு எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"ன்னு கேட்டாங்க. உனக்கு ஏழு வயசுலருந்து பதினொரு வயசு வரைக்கும் வலிப்பு வந்தது. நாலு வருஷம் மாத்திரை சாப்பிட்டே, ஸ்கூல்ல ரெண்டு தடவை விழுந்தே. அதுக்கப்புறம் வரவே இல்ல, டாக்டரே மறந்துடுங்கன்னுட்டார். சரி. ஆனா அவங்க கேட்டப்ப, கார்த்தி, நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தே. நான் தலையை லேசா ஆட்டினேன். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, சூப்பரா இருக்கேன்"னு சிரிச்சே. அவங்களும் சிரிச்சாங்க, கேசரியை நகர்த்தி வச்சாங்க. நம்மளை ஏமாத்தினாங்கன்னா நாம பண்ணினதுக்கு என்ன பேருடா? உன்னை அப்படிப் பழக்கினது நான்தான். அதுக்கு உன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இனிமே என் முகத்தைப் பார்க்குறவங்களுக்கெல்லாம் தலையாட்ட எனக்குச் சக்தி இல்ல, களைச்சுப் போயிட்டேன்.

வர்ற சனிக்கிழமைக்கு டிக்கெட் போடு. லீவு கிடைக்கலைன்னு கதை விடாதே. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நானும் அப்பாவும் ஹொசூர் சித்தி வீட்டுக்குப் போறோம், சொல்லியாச்சு, அப்பா பை கூட எடுத்து வச்சுட்டார். நீ போன் பண்ணினா எடுக்க மாட்டேன். சாம்பார் செஞ்சு ஃபிரிட்ஜுல வச்சிருப்பேன், சூடு பண்ணி ரெண்டு பேரும் சாப்பிடுங்க. அந்தக் கவரைத் தொடாதே, அது அவளோடது, அவளே எடுத்துக் காட்டட்டும். முதல்ல உன் வலிப்பைப் பத்தி நீ சொல்லு. ஒண்ணையும் குறைக்காம, ஸ்கூல்ல விழுந்தது, நாக்கைக் கடிச்சுக்கிட்டது, கேசரித் தட்டு, நான் தலையாட்டினது, எல்லாத்தையும் சொல்லு. அதுக்கப்புறம் அவகிட்ட கேளு. கேட்டதும் பதில் சொல்றதுக்கு முன்னாடி அவ உன் முகத்தைப் பார்த்தான்னா, அந்தப் பதிலை எடுத்துக்காதே. எழுந்து போய் டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து, மறுபடியும் கேளு.

அம்மா